கண்டாவளைச் சீனத்தம்பி

"பொய்! பச்சைப் பொய்!"

கமலாசனி ரீச்சர் எழும்பி நிண்டு கத்தின கத்தலில கண்டாவளை நெல்லு ஸ்டோரே திரும்பிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி, வெளியில ஜெனறேற்றர் தடதடக்க, உள்ளே பழைய இங்கிலீசுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ரீவிப் பெட்டிக்குப் பக்கத்தில, படத்தில வாற ஆக்களைத் தொட்டுக் காட்டுற தடியும் கையுமாய்ச் சுடலைமுத்து. இங்கிலீசுப் படத்துக்குத் தமிழில கதை சொல்லுறது அவன்தான். படத்தில ஆக்கள் வாய் திறக்க முதல் இவன் வாய் திறந்திடும்.

யாழ்ப்பாணத்தில இருந்து சண்டையால இடம்பெயர்ந்து வந்த ரீச்சர், நாலு இங்கிலீசு வார்த்தை காதில விழட்டும் எண்டுதான் அண்டைக்கு அங்கே போனவ. விழுந்தது முழுக்கச் சுடலைமுத்துவின்ர புளுகு.

"என்னங்க டீச்சர் பொய்?"

"அந்தச் சீனன் செத்துப்போனான். நெஞ்சில கத்தி ஏறினதை நான் கண்ணால கண்டனான். நீர் என்னெண்டால், கீறல்தான், கட்டுப் போட்டால் மாறிடும் எண்டுறீர்!"

"போன வாரம் கடல்ல தூக்கிப் போட்டாங்க. செத்தா போனான்? இன்னைக்கு வந்து சட்டை தேய்க்கல்ல?"

ஸ்டோர் சிரிச்சது.

"ஐயோ, அது வேற படம், இது வேற படம்! நடிகன்தான் ஒராள். சின்னச் சின்ன வேசத்தில வந்து போறவன்!"

"மூஞ்சி ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுதானுங்க."

விசயம் இதுதான். படம் ஓட்டுற செல்வராசாவிட்ட மிஞ்சிக் கிடந்த வீடியோக் கசற் எல்லாம் பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீசுப் படம். கதாநாயகன் படத்துக்குப் படம் மாறுவான். மாறாமல் வாறது அந்தச் சீனன் ஒருத்தன். கப்பலில உருளைக்கிழங்கு உரிப்பான். லோன்றியில சட்டை தேய்ப்பான். குதிரைக்காரருக்குச் சமைச்சுப் போடுவான். ஹோட்டல் கதவு திறந்துவிடுவான். வந்தால் ரெண்டு நிமிசம். பிறகு ஆராவது சுடுவாங்கள், இல்லாட்டிக் குத்துவாங்கள்.

சுடலைமுத்து அந்த ரெண்டு ரெண்டு நிமிசத்தையும் கோத்து ஒரு சீவியமாக்கிப் போட்டான். கூலி வேலைக்குக் கப்பலேறி அமெரிக்கா போன சீனத்தம்பி. அடி வாங்கி, உதை வாங்கி, மெல்ல மெல்ல மேல வாறான். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறின சனத்துக்கு அவன் சொந்தக்காரன் மாதிரி. கதாநாயகன் கட்டிப்பிடிக்கேக்க வெத்திலை போடுற சனம், சீனத்தம்பி தட்டத்தோட வந்தால் நிமிர்ந்து இருக்கும்.

"சனத்தை ஏமாத்தாதையும். உள்ளதைச் சொல்லும்."

முன்வரிசையில இருந்த வீரம்மா திரும்பினாள். "சாவுற கதை இங்க தெனமும் கேக்குறோம் டீச்சர். அதுக்கு மண்ணெண்ணெய் வேற எரிக்கணுமா?"

ரீச்சர் விடுவாவோ? சனசமூக நிலையத் தலைவர் பரமலிங்கத்தைப் பிடிச்சா.

"வாற ஞாயிறு நான் கதை சொல்லுறன். சரியான கதையைக் கேட்ட பிறகும் சனம் அந்தப் புளுகனைத் தேடுதோ பாப்பம்."

பரமலிங்கம் தலையாட்டினார். சனம் ரீச்சர் பக்கம் எண்டால், சுடலைமுத்து இனித் தடியைத் தொடக்கூடாது.

ஞாயிறு வந்தது. சுடலைமுத்து தடியை நீட்டினான். முகத்தில வழக்கமான சிரிப்பு இல்லை.

"மத்ததெல்லாம் உள்ளபடி சொல்லுங்க டீச்சர். சீனத்தம்பியை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"நான் உள்ளதைத்தான் சொல்லுவன்."

சொன்னா. வடிவாய்த்தான் சொன்னா. ஆருக்கு ஆர் என்ன முறை, சொத்து ஆருக்கு, சண்டை ஏன், எல்லாம் இப்பத்தான் சனத்துக்கு விளங்கினது. "அட, இதுதானா சங்கதி!" எண்டு பின்னால ஒரு குரல் வாய்விட்டே சொல்லிச்சுது. பரமலிங்கம் சுடலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். அவன் நெல்லு மூட்டையில சாய்ஞ்சு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பத்தான் படத்தில ஒரு கதவு திறந்தது. சீனத்தம்பி. வெள்ளைக் கோட்டு. கழுத்தில குழாய்.

"டாக்டரு! சீனத்தம்பி டாக்டராயிட்டான்!"

கூரை பறக்காத குறை. வீரம்மா பக்கத்தில இருந்தவளின்ர தொடையில ஓங்கி அடிச்சாள். "நான் சொல்லல்ல? இனி ஒரு பொண்ணு மட்டும் பாத்துக் கட்டி வச்சிட்டா போதும்டி!"

ரெண்டே நிமிசம். ஜன்னலுக்கு வெளியில ஒரு துவக்கு நீண்டது. டப்.

சீனத்தம்பி மேசையில சரிஞ்சான்.

வீரம்மாவின்ர கை அடிச்ச தொடையிலயே கிடந்தது. படத்தில ஒரு வெள்ளைக்காரன் குனிஞ்சு, நாடி பிடிச்சுப் பார்த்து, ரெண்டு சொல்லுச் சொன்னான். அந்த ரெண்டு சொல்லும் அந்த இடத்தில ரீச்சர் ஒராளுக்குத்தான் விளங்கினது.

"என்னங்க டீச்சர் சொல்றாரு?" வீரம்மாதான் கேட்டாள்.

ரீச்சர் சுடலைமுத்துவைப் பார்த்தா. அவன் நிமிரேல்லை.

"காயம்தான்," எண்டா ரீச்சர்.

"மூஞ்சியப் போர்வையால மூடுறாங்களே?"

"நுளம்பு. அங்கையும் மலேரியாக் காய்ச்சல்தான். வலை இல்லாட்டி மூடத்தானே வேணும்?"

சுடலைமுத்து மெல்லத் தலையைத் தூக்கினான்.

"அப்ப அந்த நர்சம்மா ஏங்க அப்பிடி அழுவுது?"

ரீச்சர் தடியால அந்தப் பெட்டையின்ர முகத்தைத் தொட்டுக் காட்டினா.

"அழாமல் என்ன செய்வாள்? வாற மாசம் ரெண்டு பேருக்கும் கலியாணம் எல்லோ!"