ஸ்கேன் சென்டர் மேல் ஒரு புகார்

"இங்க ஸ்கேன் எடுத்த எம்மகளுக்கு வலிப்புன்னு மாப்பிள்ளை வீட்டுக்கு யாரு சொன்னது? நிச்சயமே நின்னுபோச்சு. நோயை வெளிய சொன்னா இப்பச் சட்டம் இருக்கு!"

தேனி ஸ்கேன் சென்டரே திரும்பிப் பார்க்கும்படி இருதயம்மாள் கத்தினாள். பக்கத்தில் மகள் பெனிஷா கூனிக்குறுகி நின்றாள்.

"நாங்க யாருக்கும் சொல்லலம்மா. மெதுவாப் பேசுங்க," என்றாள் கவுண்டர் பெண்.

"பொய்யி! இந்தா, அவுககிட்டயே கேக்குறேன்."

மாப்பிள்ளையின் தாய் கிளாராவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"யாரும் சொல்லல மதினி. பெனிஷாவுக்காக ஜெபிக்கச் சொல்லி எங்க கோயில் வாட்ஸ்அப் குரூப்புக்கே மெசேஜ் வந்துச்சே. நாங்களும் ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்."

இருதயம்மாளால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த ஜெப விண்ணப்பத்தை முதலில் தன் கோயில் குரூப்புக்கு அனுப்பியவள் இருதயம்மாள்தான். ஆண்டவருக்கு ஆள் மாறிவிடக் கூடாதே என்று முழுப்பெயர், ஊர், நோய் எல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தாள்.