அது கோலே இல்லை

கால்பந்தில் கல்லூரி அணி ஒரே ஒரு கோலில் தோற்ற மறுநாள் காலை, மைதானத்தில் மேய்கிற வெள்ளாட்டுக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

“அந்த ரெஃப்ரீக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? பந்து வெளியேதானே போச்சு! கோல் வலையோட பக்கவாட்டுல இருந்த ஓட்டை வழியா உள்ளே வந்ததைப் போய் கோல்னு விசிலடிச்சிட்டாரு!” என்று கோல் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காகத்திடம் கத்தியது.

“உங்க கோச்சும்தான் பின்னாடி தடுக்க ஆளே நிறுத்தலை,” என்றது காகம்.

“அந்த ஆளை முதல்ல வீட்டுக்கு அனுப்பணும்!”

காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. “அது சரி, வாயில என்ன?”

“டென்ஷன் வந்தா எதையாவது மென்னாத்தான் எனக்கு அடங்கும். நேத்து மேட்சுக்கு முன்னாடி இதைவிட டென்ஷன்,” என்ற ஆடு, வலையின் அடுத்த கயிற்றைக் கடித்து இழுத்தது. “ஒருத்தனுக்கும் பொறுப்பே இல்லப்பா!”