வெளுத்த ரசீதுகள்

பெர்மாஸ் ஜெயா கடைவீட்டு மாடியில், மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம் சன்னலை நிறைத்திருக்கிறது. வரி முகவர் ஃபெலிசியா ஒரு டீசல் ரசீதைச் சன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். எதிரே, பண்டார் தெங்காராவில் சொந்த லாரியில் செம்பனைக் குலை ஏற்றும் காளிதாஸ், மடியில் பிஸ்கட் டின்னை அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். டின் நிறைய ரசீதுகள். லாரிக்குள்ளேயே வெயிலில் கிடந்து முக்கால்வாசி வெளுத்துவிட்டன. இவற்றைச் செலவாகக் காட்ட முடிந்தால் வரிப் பாக்கி குறையும். முடியாவிட்டால் லாரியை விற்க வேண்டியதுதான். மின்விசிறிக் காற்றில் மேசைத் தாள்கள் மெல்லச் சிறகடிக்கின்றன. வெள்ளைக்குள்ளிருந்து ஓர் எண், குளத்து மீன் போல, மேலே வருகிறது. "நூத்தி எண்பது ரிங்கிட். கூலாய்ல அடிச்ச டீசல். தெரியுது அண்ணே!" "ஆமாம்மா. அன்னிக்கு ரோட்டுல வெள்ளம், சுத்திக்கிட்டுப் போனேன்." ஃபெலிசியா பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்ததை எடுக்கிறார். நான்காக மடித்த தழும்பு மட்டும் இருக்கிறது. எப்படிச் சாய்த்தாலும் வெறும் வெள்ளை. "இது என்னான்னு ஞாபகம் இருக்கா?" காளிதாஸ் வாங்கி, மடிப்பை விரலால் தடவுகிறார். முகம் இளகுகிறது. "இது லோடு இல்லம்மா. எம்மவ தேன்மொழிய ஸ்கூடாய் யுனிவர்சிட்டில விடப் போனப்ப அடிச்ச எண்ணெ. மெத்தையெல்லாம் பின்னால கட்டிக்கிட்டுப் போனோம்." "அப்ப இது கணக்குல வராது அண்ணே." "தெரியும்மா." அந்த வெற்றுத் தாளைத் தானும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாக வாசித்துவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.