பெட்டிக்குள் திணித்தது

"மலிவு தேடி நம்ம சட்டை ஃபேக்டரி ஃபிஜிக்கு ஓடுனப்ப, லாரிக்குக் குறுக்கே படுத்தவன் நீ. இன்னிக்கு அதே ஃபிஜிக்கு, வெயிலும் மலிவும் தேடி நீயே ஓடுற. வெட்கமா இல்லை?"

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், லான்செஸ்டன் விமான நிலையத்தில் பழைய தோழர் ரெக் இப்படிக் கேட்டதும் நெவில் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். சட்டைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் நெவில். நான்கு முறை லாக்கப். கடைசியில் மிஞ்சியது முதியோர் பென்ஷன். டாஸ்மேனியக் குளிரில் அது ஹீட்டருக்குப் போதும், இல்லையென்றால் சாப்பாட்டுக்குப் போதும். இரண்டுக்கும் சேர்த்துப் போதாது.

மனைவி டோரீனுக்கு மூட்டுவாதம். பதினோரு வருஷமாக அவள் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது நெவில்தான்.

ஃபிஜியில், லவுட்டோக்காவில் வீடு கேட்டபோது, வெள்ளைக்காரர் என்றதும் எல்லோரும் வாடகையை இரட்டிப்பாகச் சொன்னார்கள். வீட்டுக்காரி பிம்லா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் நெவில் போட்ட கையெழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஊர்க்காரங்களுக்கு என்னவோ அதான் உங்களுக்கும்ணே. சாவி இந்தாங்க."

மூன்றாவது வாரம், டோரீன் தன் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நெவில் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மாமரத்தடியில் பாய் விரித்து, காவா என்னும் கிறக்கம் தரும் வேர்ப்பொடியைக் கரைத்த மரத்தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிம்லா, பக்கத்து வீட்டு செரியானா, இவர்கள் இருவர். கொட்டாங்கச்சி கைக்கு வந்தால் ஒரு முறை கைதட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். புதிதாக வந்தவர் தன்னைப் பற்றிச் சொல்லவும் வேண்டும்.

"அண்ணே, உங்க ஊர்ல என்ன வேலை பார்த்தீங்க?" என்றாள் செரியானா.

"தபால்காரன்."

டோரீன் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை நாய் கடிச்சுது?"

"ஒண்ணும் கடிக்கலை."

"அப்ப நீங்க தபால்காரரே இல்லை!" செரியானா தொடையைத் தட்டிச் சிரித்தாள். "நாங்க ரெண்டு பேரும் சட்டை தைச்சவங்க. இவ காலர், நான் கை. மிஷினெல்லாம் உங்க லான்செஸ்டன்ல இருந்து வந்ததுதான்."

நெவில் கைதட்ட மறந்து குடித்தார்.

அந்த மிஷின்களை அவருக்குத் தெரியும். போராட்டம் தோற்ற பிறகு, கடைசி ஷிப்டில் அவற்றைப் பெட்டியில் அடைத்ததே அவரும் தோழர்களும்தான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அவர் தன் கையால் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்தார். 'பிச்சைக் காசுக்குத் தைக்கும் ஃபிஜிக்காரிகளே! எங்கள் பிள்ளைகளின் சோற்றைத் திருடிய திருடிகளே!' கீழே முழுப் பெயர், கையெழுத்து. அன்றைக்கு அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

"சொல்லிடாதீங்க" என்றாள் டோரீன், வீட்டுக்குள் வந்ததும். "காலி பண்ணச் சொல்லிட்டா எங்கே போறது? திரும்ப அந்தக் குளிருக்கா?"

"போலீஸ்கிட்டகூட நான் பொய் சொன்னதில்லை, டோரீன்."

"போலீஸ் உங்களுக்குக் குறைஞ்ச வாடகைக்கு வீடு குடுக்கலையே!"

நெவிலுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க, காலையில் பிம்லா சுடச்சுட ரொட்டி கொண்டுவந்து வைத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதலாளிகள் எத்தனையோ பேரை நேருக்கு நேர் முறைத்தவர் அவர்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானமே இரண்டு சூட்கேஸையும் அடுக்கி வாசலில் வைத்தார். டோரீன் தடுக்கவில்லை. தன் பொத்தான்களை மட்டும் மெதுவாக, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் கொட்டாங்கச்சியை வாங்குமுன் நெவில் எல்லாவற்றையும் சொன்னார். லாரி, ஷிப்ட், பிரசுரம், 'திருடிகள்' என்ற சொல், எதையும் விடவில்லை.

"எழுதினது நான்தான். உங்க சோத்தைத் தின்னுக்கிட்டு மறைக்க முடியலை. போகச் சொன்னா இப்பவே போயிடுறோம்."

பிம்லா எழுந்து வீட்டுக்குள் போனாள். பிளாஸ்டிக் உறை போட்ட மஞ்சள் தாளோடு திரும்பி வந்தாள். தாளின் அடியில் அதே கையெழுத்து.

"வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டீங்களே, அன்னிக்கே தெரியும்ணே."

"தெரிஞ்சுமா வீடு குடுத்தே?"

"முதல்ல படிச்சப்ப அழுதேன். அப்புறம் பதினஞ்சு வருஷம் கழிச்சு, எங்க ஃபேக்டரியும் மலிவு தேடிப் பங்களாதேஷுக்குக் கிளம்பிச்சு. எங்களுக்குப் பிரசுரம் எழுதத் தெரியாது. கையில இது இருந்துச்சு."

நெவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். 'ஃபிஜிக்காரிகளே' என்ற சொல்லின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு. அதற்கு மேலே, 'பங்களாதேஷ்காரிகளே'.

"அப்படியே அச்சடிச்சு, நாங்களும் பெட்டிக்குள்ள திணிச்சு அனுப்பிட்டோம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள் செரியானா.

பிம்லா கொட்டாங்கச்சியை நிரப்பி நெவிலிடம் நீட்டினாள்.

"சூட்கேஸை உள்ளே எடுத்து வைங்கண்ணே. டாக்காவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பிரசுரம் எழுதணும். அதையாச்சும் ஒழுங்கா எழுதிக் குடுங்க, இந்தத் தடவை மூணு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம்."