முதலில் யாரை எழுப்புவது

"ஒரே நேரத்துல எத்தனை பிணத்த எழுப்பலாம்?" என்று ஜோஸ்பின் கேட்டாள், தன்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம்.

அவள் அப்பா அமிர்தநாதன் கையில் அச்சுமுறுக்கு நொறுங்கியது.

எதிரே சோபாவில் மாப்பிள்ளை பிரைட்டன், பக்கத்தில் அவன் தாயார் தெரசம்மாள். இப்போதுதான் முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அதற்குள் பேச்சு எங்கே போய்விட்டது!

பொழுதுபோக்கு என்ன என்று பிரைட்டன்தான் கேட்டான். படிப்பது, பாட்டுக் கேட்பது என்று சொல்லி வைத்திருக்கலாம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் ஏற்றுக் கதை ஆடுகிற ஏதோ ஒரு விளையாட்டைச் சொன்னாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கிங்ஸ் சர்க்கிளில் ஞாயிறுதோறும் அந்த விளையாட்டை நடத்துகிறவனே அவன்தானாம். புது ஆட்டம் தொடங்கப்போகிறதாம். இங்கேயே உங்களுக்கு ஒரு கேரக்டரை உண்டாக்கிவிடலாமா என்றான்.

ஜோஸ்பின் கேட்டது நெக்ரோமான்சர். செத்தவர்களை எழுப்பி வேலை வாங்குகிற மந்திரவாதி.

வேறு ஆளே கிடைக்கவில்லையா? வில்வீரன் இல்லையா, வைத்தியக்காரி இல்லையா? கோயில் பங்குப் பேரவையில் இருக்கிற மனுஷன் வீட்டில், மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து பிணம் எழுப்புகிற பேச்சு!

அமிர்தநாதன் யார் முன்னாலும் கூனிக் குறுகி நின்றவரல்ல. தாராவிச் சந்தில் குடியிருந்தபோதே சட்டை மடிப்புக் கலையாமல் நடந்தவர். செம்பூருக்கு வந்தபின் இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னவன் கிடையாது. அதற்காக அவர் என்ன செய்தார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் தெரியும்.

இன்று தெரசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டால், நாளைக்குக் கோயில் வாசலில் இதுதான் பேச்சு. அப்புறம் இந்தப் பெண்ணுக்கு யார் வருவார்கள்?

ஆனால் தெரசம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏல பிரைட்டன், இவளக் கட்டுனியன்னா எனக்குக் கவலையே இல்ல. நான் செத்தாலும் எழுப்பி உலை வைக்கச் சொல்லிருவா."

"பாத்திரமும் தேய்க்கணும் ஆன்ட்டி," என்றாள் ஜோஸ்பின்.

அமிர்தநாதன், "தம்பிக்கு ஆபீஸ் பாந்த்ரா பக்கமோ?" என்று பேச்சைத் திருப்பிப் பார்த்தார். ஆமாம் அங்கிள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு அவன் மறுபடி பிணத்துக்கே போய்விட்டான்.

ஜோஸ்பினின் மந்திரவாதி கறுப்பு அங்கி போடமாட்டாள். எழுந்து வருகிறவர்கள் பயந்துவிடக் கூடாதாம். கையில் மந்திரக்கோல் கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிடுவாள், அவ்வளவுதான். கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவார்கள்.

"பக்கா," என்றான் பிரைட்டன். "இப்ப கடைசிக் கேள்வி. இந்த வித்தைய அவ எதுக்குக் கத்துக்கிட்டா? மத்லப், அதாவது முதல்ல யாரை எழுப்பணும்னு? சொந்த ரத்தமா இருக்கணும்."

எல்லார் கண்களும் ஒரே இடத்துக்குப் போயின.

சுவரில் சகாயராஜின் படம். பிளாஸ்டிக் ரோஜா மாலை, சின்னச் சிவப்பு பல்பு. ஜோஸ்பினின் அண்ணன். மூத்தவன் காலமாகிவிட்டான் என்று தரகரிடம் அமிர்தநாதன் முதலிலேயே சொல்லியிருந்தார்.

சமையல்கட்டில் அவர் மனைவி உருட்டிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது.

"விளையாட்டுன்னாலும் ஒரு அளவு வேண்டாமா தம்பி?" அவர் நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது. "செத்தவங்க பேர இதுல இழுக்காதீங்க."

"சாரி அங்கிள்," என்றான் பிரைட்டன். ஆனால் ஜோஸ்பின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவை. வேண்டாம் என்று அவர் கண்ணாலேயே சொன்னார். இத்தனை வருஷமாக அந்தக் கண்ணுக்கு அடங்கியவள்தான்.

"அவன எழுப்ப முடியாது," என்றாள்.

"ஏன், லெவல் பத்தாதா?"

"செத்திருந்தாத்தானே எழுப்ப முடியும்."

சகாயராஜ் வீட்டுக்குச் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்ட வருஷம், கல்லறைத் திருநாளன்று இறந்தோருக்கான பூசையில் வாசிக்கச் சொல்லி அவன் பேரைக் கொடுத்தவர் அமிர்தநாதன். புதிதாகச் சேர்ந்த செம்பூர்ப் பங்கு, அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது. சாமியார் வாசித்தார். பீடத்திலிருந்து வாசிக்கக் கேட்டபோது அவன் நிஜமாகவே செத்துவிட்டதைப் போல அவருக்கே இருந்தது. அதன்பிறகு நவம்பர் தவறாமல் கொடுத்து வந்தார்.

இப்போது அவர் தெரசம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்த முதுகோடு தரையைப் பார்த்தபடி, அவள் எழுந்து செருப்பைத் தேடும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

அந்தச் சத்தம் வரவில்லை.

"பொண்ணு எடுக்கிறவங்க நாலு எடத்துல விசாரிக்காமலா வருவோம்?" என்றாள் தெரசம்மாள், மெதுவாக. "இந்த வீட்டுல ஒருத்தர் வாயில இருந்தாவது இது வரணும்னுதான் உக்காந்திருந்தோம். வடாலாவுல சகாயம் வீட்டுல டீ குடிச்சிட்டுத்தான் வாரோம், அண்ணாச்சி. ஒங்க மருமக ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தா."