ரசிகர்கள் மெச்சிய சட்டை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்செட் இப்போதே கழன்று விழட்டும்.

மெய்நிகர் உலகத்தில் மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றி, டி.வி. அறிவியல் தொடருக்கு மகள் எழுதிய முதல் எபிசோட் அது. ரசிகர்களுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வாய்ப்பு கிடையாது. நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

தையற்கார அப்பா செல்போனைப் பார்த்து உரக்கப் படித்தார். "'டி.வி.யை அணைச்ச பிறகும் அந்த உலகத்தை விட்டு வெளிய வர முடியலை!' முந்நூறு பேர் இப்படி உருகியிருக்காங்கம்மா!"

"குறையே சொல்லலையாப்பா?"

"ஒருத்தர் மட்டும், கதையைவிட ஹீரோவோட சட்டைக் காலர்தான் பிரமாதம்கிறார்."

"அது நீங்க தைச்சதாச்சே!"

"அது அவருக்கு எப்படிம்மா தெரியும்? ரெண்டு உலகத்திலயும் கசங்கவே இல்லையாம்!"

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். மகள் சிரித்தேவிட்டாள்.

அந்த எபிசோட் ஒளிபரப்பாவது நாளை மாலை.