நான்காம் கேள்வி

உணவகத்துக்கு நேர் எதிரே பலகையை நட்டுச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான் விர்ஜில் ஸ்டட்ஸ்மன். வெள்ளைப் பலகையில் சிவப்புப் பெயின்ட்.

'4 – வேண்டாம்.'

காபி ஊற்ற வந்த டார்லா ஜன்னலோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் இந்த ஆளுக்கு என்ன பாவம் செஞ்சேன், க்ளென்?"

பதினாறு வருஷமாக எங்களுக்குக் காபி ஊற்றுகிறவள். இரண்டு பிள்ளைகள். எங்கள் கவுன்டியின் சமுதாயக் கல்லூரியில் இப்போது கட்டணம் கிடையாது. அதை நம்பித்தான் மூச்சுச் சிகிச்சைப் படிப்புக்குப் பேர் கொடுத்திருந்தாள். கட்டணம் வந்துவிட்டால் அவளுக்குப் படிப்பு கிடையாது, காபிக் குடுவைதான். எங்கள் ஊர்த் தேர்தலில் ஆட்களுக்கு மட்டுமல்ல, சீட்டில் அச்சடித்த சில கேள்விகளுக்கும் வேண்டும், வேண்டாம் என்று ஓட்டுப் போடணும். நவம்பர் தேர்தலில் வாக்குச்சீட்டின் நான்காம் கேள்வி அந்த இலவசப் படிப்பைப் பற்றியது என்று ஊருக்கே தெரியும்.

"அவன் எதுக்குத்தான் வேணும்னு சொன்னான்?" என்றேன். "தீயணைப்பு வண்டி வாங்கணும்னாங்க, வேண்டாம்னான். நூலகத்துக்குக் கூரை மாத்தணும்னாங்க, வேண்டாம்னான். கல்யாணத்துல பாதிரியார் கேட்டப்பவும் வேண்டாம்னு வாயெடுத்திருப்பான். பொண்டாட்டி காலை மிதிச்சிருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். டார்லா சிரிக்கவில்லை.

எனக்கும் விர்ஜிலுக்கும் பேச்சு நின்று பதினொரு வருஷம். என் நாய் குரைக்கிறது என்று ஷெரிஃப் ஆபீஸுக்கு எழுதிப் போட்டவன். நாய் செத்துப் போயிற்று. நான் இன்னும் சாகவில்லை.

"நீ கவலைப்படாதே. அவன் வேண்டாம்னா நாம வேணும். அவ்வளவுதான் கணக்கு."

அன்றிலிருந்து எனக்கு அதே வேலை. முடி வெட்டும் கடை, தேவாலயத்து மீன் விருந்து, வேட்டைத் துப்பாக்கிக் கடை, ஓர் இடம் விடவில்லை. "நாலாவதுல வேணும்னு போடுங்க. டார்லா படிக்கணும்!"

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் என் பேச்சுக்கு இந்த ஊரில் மதிப்பு உண்டு. அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

ஒரு நாள் விர்ஜில் காபி குடிக்க வந்தான்.

"ஆறிப்போயிருக்கே?"

"தேர்தல் முடியட்டும், சூடாயிடும்" என்றாள் டார்லா.

அவன் கோபப்படவில்லை. "கேள்வியைப் பத்திரிகையில போட்டிருக்கான். யாராவது படிச்சீங்களா?"

நான் அவன் பக்கம் திரும்பாமல், "டார்லா, வயித்துல அடிக்கறவங்க பாடமும் நடத்த வந்துட்டாங்க பாரு" என்றேன்.

காபியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனான்.

தேர்தல் அன்று விடியும்போதே, வாக்குச்சாவடி வைத்திருந்த தீயணைப்பு நிலையத்தில் முதல் ஆளாகப் போய் நின்றேன். சீட்டில் நான்காம் கேள்வி ஏழு வரி. எல்லாம் வக்கீல் பாஷை. இரண்டாவது வரியிலேயே விட்டுவிட்டேன். 'வேண்டும்' என்று எழுதிய வட்டத்தைப் பேனாவால் நன்றாகக் கறுப்பாக்கினேன். மெஷின் சீட்டை விழுங்கியது.

வெளியே நல்ல மழை. வாசலிலிருந்து நூறு அடியில் இரண்டு சின்னக் கொடிகள் நட்டிருப்பார்கள். அதற்குள் யாரும் பிரசாரம் செய்யக் கூடாது. கொடிக்கு ஓர் அடி தள்ளி விர்ஜில் நனைந்துகொண்டு பலகையோடு நின்றிருந்தான். டார்லாவின் கார் வந்ததும் குறுக்கே போய் மறித்தான்.

"வழியை விடுங்க, மிஸ்டர் ஸ்டட்ஸ்மன்!"

நான் ஓடினேன். "அவளை விடுடா! இன்னிக்குமா?"

விர்ஜில் என்னைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு மாதிரி வாக்குச்சீட்டைக் கார் ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினான்.

"ஒரு தடவை படி. சத்தமாப் படி. அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் திட்டு."

டார்லா எரிச்சலோடு படிக்க ஆரம்பித்தாள். நாலு வரி, ஐந்து வரி. கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது.

"...மேற்படி கட்டணமில்லாக் கல்வித் திட்டத்தை ரத்து செய்ய வேண்டுமா, வேண்டாமா?"

இன்னொரு முறை மனசுக்குள் படித்தாள்.

"அப்ப வேண்டாம்னு போட்டா..."

"இருக்கறது இருக்கும்."

"இத்தனை நாளா நீங்க..."

"மூணு வாரமாக் கத்தறேன் வேண்டாம், வேண்டாம்னு. எது வேண்டாம்னு ஒருத்தர் கேட்டீங்களா?"

"எனக்காகவா இப்படி மழையில நிக்கறீங்க?"

"உனக்காகவும் இல்ல, யாருக்காகவும் இல்ல. இருக்கறதை மாத்தினா எனக்குப் பிடிக்காது." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஜனவரி பன்னிரண்டுதானே உனக்கு வகுப்பு? போ, போய்ப் போட்டுட்டு வா."

டார்லா காரை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். பாதி வழியில் திரும்பி, "க்ளென், நீங்க சரியாத்தானே போட்டீங்க?" என்று கத்தினாள்.

நான் மழைக்குக் குனிவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். மழையில் காதில் விழவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய்விட்டாள்.

ஊர் முழுக்க அலைந்து அவளுக்கு எதிராக ஓட்டுச் சேர்த்தவன் நான்தான்.

விர்ஜில் என்னையே பார்த்தான். அப்போது அவன் சிரித்திருந்தால் இன்னும் பதினொரு வருஷம் பேசியிருக்க மாட்டேன். அவன் சிரிக்கவில்லை. தன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு பலகையை உருவி என் கையில் திணித்தான்.

"சாயங்காலம் ஏழரை வரைக்கும் நேரம் இருக்கு. அதோ ஒரு வேன் நிறைய வர்றாங்க, எல்லாம் நீ சொல்லிவெச்ச ஆளுங்க. நான் சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். நீ போய்ச் சொல்லு."